பார்வையும் விளியும்: சங்கப் பாடல்களில் வேட்டுவன் கட்டிய மான்

காட்டு விலங்கை அருகே வரச் செய்வதற்கென்று வேட்டுவர் பழக்கி வைத்திருக்கும் விலங்கைப் பழந்தமிழ் 'பார்வை' என்னும் சொல்லால் குறிக்கிறது. பறவைக்கும் இதுவே பெயர். கண்ணையும் நோக்கையும் உணர்த்தும் சொல், இங்கு நோக்கப்படும் பொருளுக்கும் பெயராகி நிற்கிறது. காட்டு விலங்கின் கண்ணில் படுவதற்காகவே நிறுத்தப்பட்டது என்னும் கருத்தில் இப்பெயர் அமைந்திருக்கலாம்.

சங்க கால மக்கள் வாழ்வியலை எழுதுவோர் இச்சொல் பயிலும் இடங்களை 'வேட்டை முறைகள்' என்னும் தலைப்பின்கீழ்த் தொகுத்து, பழந்தமிழர் பழக்கிய மானைக் கட்டி வைத்துக் காட்டு மானைப் பிடித்தனர் என ஒரு தொடரில் முடித்துவிடுவது வழக்கம். முனைவர் பட்ட ஆய்வேட்டில் யானும் அவ்வாறே ஒரு பத்தியில் கடந்து சென்றேன். கொல்கத்தாத் தேசிய நூலகத்தில் பேராசிரியர் வையாபுரிப்பிள்ளையின் நூல்தொகுதி பாதுகாக்கப்பட்டு வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகச் சொற்களுக்குப் பொருள் வகுத்த அவரே, 1940இல் வெளிவந்த சமாஜப் பதிப்பில் சங்கப் பாடல்களைப் புலவர் வரிசையில் அமைத்தவர். அவ்வரிசையில் இப்பாடல்களை மீண்டும் படித்தபோது, அப்பத்தி பிழையானது என உணர்ந்தேன். செய்தி பிழையன்று, பாடல்களை அச்செய்திக்குச் சான்றாகக் காட்டியதே பிழை. யான் கண்ட வரையில், சங்கப் பாடல்களில் பார்வை விலங்கு தன் தொழிலைச் செய்து முடித்த காட்சி ஒன்றும் இல்லை. கட்டிய மான் காட்டு மானைப் பிடித்துத் தரவில்லை. இக்கட்டுரை இதனையே ஆராய முற்படுகிறது.

பெரும்பாணாற்றுப்படையில் தொடங்கலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனை எயினர் குடியிருப்பின் வழியே செலுத்துகிறார். அங்கு முற்றத்தில் ஒரு விளாமரம் நிற்கிறது, பார்வை விலங்கைக் கட்டிக் கட்டி அதன் அடிமரம் தேய்ந்திருக்கிறது (பெரும்பாண். 95). அம்மரத்தின் நிழலில் நிலவுரலில் எயிற்றியர் புல்லரிசி குற்றுகின்றனர். விலங்கு அப்போது அங்கே நிற்கிறதா என்பதைப் புலவர் கூறவில்லை. கயிறு உராய்ந்த வடு மட்டும் கூறப்படுகிறது. பல்லாண்டுத் தொழிலை ஒரு மரத்தின் தேய்வில் காட்டிவிட்டு, உரலை நோக்கி நகர்ந்துவிடுகிறது பாடல். வேட்டை முறைக்கு இதைவிட உறுதியான சான்று வேண்டுவதில்லை. ஆயினும் வேட்டைக் காட்சி இல்லை.

புறநானூற்றின் 320ஆம் பாடலில் அம்முற்றம் முழுமையாகத் திறக்கிறது. பாடியவர் வீரை வெளியனார். வாகைத் திணை, வல்லாண்முல்லைத் துறை. புறநானூற்றுக்குக் கிடைத்துள்ள பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுவதால், இப்பாடலுக்கு உரை கண்டவர் அனைவரும் இக்காலத்தவரே. முன்றிலில் முஞ்ஞையும் முசுண்டையும் அடர்ந்து படர்ந்துள்ளன. வேறு பந்தல் வேண்டாத அளவிற்கு நிழல் இருக்கிறது. வேட்டுவன் அந்நிழலில் ஆழ்ந்து உறங்குகிறான். அவன் கட்டி வைத்த பார்வையாகிய பிணையிடம் தனித்த கலைமான் ஒன்று வந்து கூடித் திளைத்து விளையாடுகிறது. வேட்டுவன் எதற்காகப் பிணையைப் பழக்கினானோ அது நடந்துவிட்டது. இனி எய்ய வேண்டியது ஒன்றே. அவனோ உறங்குகிறான். அவன் மனைவி விழித்திருக்கிறாள். அவளே அக்காட்சியைக் காண்கிறாள்.

அவள் என்ன செய்ய வேண்டும்? தொழில் முறைப்படி அவனை எழுப்ப வேண்டும். ஆனால் அவள் இரண்டு அச்சங்களால் கட்டுண்டு நிற்கிறாள். கணவன் விழித்துவிடுவானோ என்பது ஒன்று. கலை பிணையை விட்டு நீங்கிவிடுமோ என்பது மற்றொன்று. முதல் அச்சத்தைக் கணவனின் உறக்கம் கெடுமே என்னும் பரிவாகக் கொள்ள இடமுண்டு. வேட்டைக்காரனின் மனைவி இரை தப்பிவிடுமே என அஞ்சினாள் என இரண்டாவதைக் கொள்ளவும் ஒருவர் முயலலாம். ஆனால் இரையே நோக்கமாயின் கணவன் எழுவதற்கு அவள் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு அச்சங்களும் ஒருங்கே நிற்கும்போது, இணைந்த இரண்டும் பிரியலாகாது என்னும் பொருளே பொருந்துகிறது. ஆகவே அவள் வீட்டினுள் நடமாடவும் இல்லை. அவள் அசையாது நின்ற அந்நேரத்தில், மான்தோலில் உலர்த்தியிருந்த தினையைக் கானக்கோழியும் இதலும் கவர்ந்து உண்கின்றன. 

அத்தினை பரப்பப்பட்டிருந்தது மான்தோலில் என்பதை உரைகள் பொருள் கூறிக் கடந்துவிடுகின்றன. யானும் முன்பு நின்று நோக்கியதில்லை. முன்னொரு நாள் வேட்டை வெற்றியாக முடிந்ததற்கு அத்தோல் சான்று. ஒரே முற்றத்தில் இறந்த மானின் தோலும், கட்டுண்ட பிணையும், கட்டில்லாத கலையும் அருகருகே உள்ளன. கோழியும் இதலும் பார்வை வைத்துப் பிடிக்கப்படும் பறவைகளே. அவையும் இன்று அச்சமின்றி மேய்கின்றன. கொல்லும் தொழிலுக்குரிய எல்லாக் கருவிகளும் இருந்த இடத்தில் இருக்க, தொழில் மட்டும் சிறிது நேரம் நின்றுபோகிறது.

இதனை அருளறப் பாடலாகக் கொண்டாடிவிடவும் இயலாது. பாடலின் பிற்பகுதி பாணனை அழைத்து, சந்தன விறகின் நெருப்பில் சுட்ட பெருந்தசையைச் சுற்றத்தோடு உண்டு தங்கிச் செல்லுமாறு கூறுகிறது. அவ்வூரைக் காப்பவன், வேந்தன் தந்த செல்வத்தைப் பரிசிலர்க்குக் குறைவின்றி ஈபவன். ஊன் உண்ணும் ஊர்தான் அது. அம்மனையோள் நாளையும் ஊன் சமைப்பாள். கொல்லாமை அவளுக்குக் கொள்கை அன்று; கூடியிருக்கும் இரண்டைப் பிரிக்க அப்போது அவளுக்கு மனம் வரவில்லை. இல்லத்தை நடத்துபவளின் இவ்வுணர்வு, முல்லையைத் தன் பெயரில் கொண்ட துறையில் வைக்கப்பட்டிருப்பது தற்செயலாகாது எனத் தோன்றுகிறது.

பாடலில் உள்ள 'கைம்மான் வேட்டுவன்' என்னும் தொடர் குறித்து ஒன்று கூறவேண்டும். கைம்மா என்பது யானைக்குரிய பெயராதலின் யானை வேட்டுவன் எனப் பொருள் கொள்வர். யானை வேட்டுவன் வீட்டில் மான் பிணை எதற்கு என்னும் ஐயம் எனக்கு உண்டு. கையில் பழகிய மானை உடைய வேட்டுவன் என்று கொண்டால் பாடல் இனிதாக நேர்படும். ஆனால் அப்பொருளுக்கு வேறோர் இடத்திலிருந்து ஆட்சி காட்ட என்னால் இயலவில்லை, எனவே வற்புறுத்தவில்லை.

பழக்கிய மானைக் கொண்டு மான் பிடித்தலின் வேறொரு முறையை அயினி அக்பரி விளக்குகிறது. பிளாக்மன் செய்த அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பின் முதல் தொகுதியைக் கொல்கத்தா ஆசியக் கழகம் 1873இல் வெளியிட்டது. பழக்கிய மானின்மீது வலையைச் சுற்றிக் காட்டு மானுக்கு எதிரே விடுவர். இரண்டும் பொரும்போது காட்டு மானின் கொம்போ காலோ காதோ வலையில் சிக்கும். இங்குக் காட்டு விலங்கை இழுப்பது பகை. புறநானூற்றில் இழுப்பது காமம். வட அமெரிக்காவில் 'எல்க்' எனப்படும் பெருமானை வேட்டையாடுவோர் இவ்விரண்டையும் இன்றும் பயன்படுத்துகின்றனர். இணைசேரும் பருவமாகிய செப்டம்பரில் பிணையின் குரலை ஊதுகருவியால் எழுப்பிக் கலையை அழைப்பர். போட்டிக் கலையின் முழக்கத்தையும் எழுப்புவர். பிணையின் உருவம் செய்து நிறுத்துவர். (இலங்கையில் ஆங்கிலேயர் மிளாவையே 'எல்க்' என அழைத்தனர் என்பதும், அவ்வேட்டை குறித்துச் சாமுவேல் பேக்கர் 1850களில் நூல் எழுதினார் என்பதும் இங்கு நினைவுக்கு வருகின்றன. அவர் நம்பியது நாய்களை, பார்வையை அன்று.) ஆக, உருவால் இழுத்தல், குரலால் இழுத்தல் என வேட்டுவனின் வஞ்சம் இருவகைப்படும். சங்கப் புலவர்கள் இவ்விரண்டையும் ஒரே தன்மையில் நோக்கவில்லை.

உருவால் இழுக்கும் வேட்டை வேறு இரண்டு நற்றிணைப் பாடல்களிலும் வருகிறது. குடவாயிற் கீரத்தனார் பாடிய 212ஆம் பாடலில், பார்வை வேட்டுவன் விரித்த வலைக்கு வெருவி, நெடிய கால்களையுடைய கணந்துள் பறவை தனிமை தோன்ற ஒலியெழுப்புகிறது. சுரம் கடக்கும் கூத்தர் மீட்டும் யாழ் நரம்போடு அவ்வொலி இயைகிறது. பறவை வலையில் அகப்படவில்லை. அதன் அச்சமே இசையாகிறது. தலைவன் வந்துவிட்டான் எனத் தோழி கூறும் அப்பாடல், கேட்குந்தோறும் ஆசை எழுப்பும் புதல்வனின் இனிய குரலோடு முடிகிறது. பறவையின் விளியில் தொடங்கிக் குழந்தையின் குரலில் நிறையும் அப்பாடலில், வேட்டுவன் விரித்த வலை வெறுமையாகவே கிடக்கிறது.

கழார்க் கீரன் எயிற்றியார் பாடிய 312ஆம் பாடல் இன்னும் வியப்புக்குரியது. பனிக்காலம். ஈங்கையின் தளிர் வருட, சிறகைக் குவித்து வருந்தியிருக்கும் வெண்குருகைப் பார்வை வேட்டுவன் அதன் கட்டுக்கோலைக் களைந்து அருள்கிறான். அத்தகைய நள்ளிரவில் தலைவி எந்நிலையில் இருப்பாளோ எனப் பொருள்வயிற் பிரிந்த தலைவன் தன் நெஞ்சிடம் வருந்துகிறான். கட்டப்பட்ட பார்வைப் பறவையை வேட்டுவனே அவிழ்த்துவிடுகிறான். வேட்டுவனுக்கு இருந்த அருள் தனக்கு இல்லையே என்னும் குற்றவுணர்வு தலைவனின் சொற்களுக்கு அடியில் ஓடுகிறது. எயிற்றியார் என்னும் பெயர் எயினர் குடியைச் சுட்டுமாயின், பார்வை கட்டிய முற்றத்தை உள்ளிருந்து கண்ட ஒருவரின் சொல்லாக இதனைக் கொள்ளலாம். பெயரைக் கொண்டு வாழ்க்கையை எழுதும் துணிவு எனக்கில்லை. எனினும் புறம் 320இன் மனையோளுக்கு அருகில் இப்புலவரை வைத்துப் பார்க்காமல் இருக்க இயலவில்லை.

ஆக, ஓரிடத்தில் வடு மட்டும், ஓரிடத்தில் உறக்கம், ஓரிடத்தில் தப்பிய பறவை, ஓரிடத்தில் விடுதலை. எடுத்துக்காட்டுகள் நான்கே என்பதால் இதனை விதியாக்க இயலாது என்பர். உண்மையே. ஆனால் குரலால் இழுக்கும் வேட்டை பாடப்பட்ட முறையை அருகில் வைத்தால் வேறுபாடு தெளிவாகும்.

அது அசுணத்தின் வேட்டை. அசுணம் விலங்கா பறவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இசையில் தன்னை மறக்கும் உயிர் என்பதில் இல்லை. வேட்டுவர் யாழ் இசைத்து அதனை வெளியே வரச் செய்வர். அது மயங்கி நிற்கும்போது பறையை அறைந்து கொல்வர். மாறோக்கத்து நப்பசலையார், தலைவனின் மார்பு இன்பமும் துன்பமும் ஒருங்கே தருவதற்கு அசுணம் கொல்பவரின் கையை உவமையாக்கினார் (நற். 304). யாழை மீட்டியதும் பறையை அறைந்ததும் ஒரே கை என்பதே அவ்வுவமையின் கூர்மை. கலித்தொகை 143இல், யாழ் கேட்ட மானுக்கு அருளாது பறையறைந்து உயிர் போக்கியது போல எனத் தலைவி புலம்புகிறாள். அங்கு மான் என்றே சொல் வந்திருப்பினும் அசுணமாகக் கொள்வதே வழக்கு. இவ்விரண்டு இடங்களிலும் வேட்டை வெற்றி பெறுகிறது, உயிர் போகிறது. அகநானூறு 88இல் மட்டும் வண்டின் ஒலியை யாழென எண்ணி மலைப் பிளவில் அசுணம் செவி சாய்க்கிறது. அங்கு வேட்டுவன் இல்லை. ஆதலின் அசுணம் பிழைத்திருக்கிறது.

காட்டி அழைத்த வேட்டை பொய்க்கிறது. இசைத்து அழைத்த வேட்டை கொல்கிறது. காரணம் என்ன? பார்வையாக நிற்பது ஓர் உயிர். அதற்குக் காமமும் குளிரும் உண்டு. வேட்டுவனின் கருத்தை அது முழுமையாக நிறைவேற்றுவதில்லை. புறம் 320இல் பிணை வஞ்சிக்கவில்லை. அது உண்மையாகவே கூடுகிறது. யாழோ உயிரற்றது, வாசிப்பவனின் கருத்து எதுவோ அதுவே அதன் கருத்து. நம்பிய நெஞ்சை ஒருவன் அறிந்தே வஞ்சித்தான் எனக் கூற நேர்ந்தபோது தலைவியர்க்கு அசுண வேட்டை உவமையாயிற்று. வஞ்சம் நடுவழியில் தளர்ந்துபோவதைக் காட்ட நேர்ந்தபோது புலவர்க்குப் பார்வை விலங்கு பொருளாயிற்று. விளி என்பது அழைத்தலையும், விளிதல் என்பது இறத்தலையும் குறிப்பதை இங்கு நினைத்தல் தகும். இரண்டும் பிறப்பால் ஒன்று என வாதிட முற்படவில்லை. கேட்கும் செவிக்கு அவை அருகருகே உள்ளன என்பதே கூறக் கருதியது.

வங்காளத்தின் பழம் பாடலில் குரல் வேறு வேலை செய்கிறது. அரப்பிரசாத சாத்திரி 1907இல் நேபாள அரசு நூலகத்தில் கண்டெடுத்து 1916இல் வங்கீய சாகித்திய பரிசத்து வழி வெளியிட்ட சரியாபதங்களுள் ஆறாம் பாடல் பூசுகுபாதர் இயற்றியது. நாற்புறமும் வேட்டுவர் வளைக்க, தன் ஊனே தனக்குப் பகையாகிவிட்ட மான் நீரும் புல்லும் தீண்டாது நிற்கிறது. அப்போது பிணை கலையை அழைத்து இக்காட்டை விட்டு அகன்று போ என்கிறது. அங்குப் பிணையின் விளி கலையைக் காக்கும் எச்சரிக்கை. சித்தரின் மறைபொருள் எதுவாயினும், பிணை, கலை, வேட்டுவன் என்னும் அதே மூவரைக் கொண்டு அப்பாடல் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. வீரை வெளியனாரின் பிணை பேசவில்லை. அதன்பொருட்டு மனையோள் பேசாதிருக்கிறாள்.

பார்வையாகி நிற்கும் உயிருக்குப் பழி உண்டா என்னும் வினாவை நேராக எழுப்பியது பாலியில் உள்ள தித்திர சாதகம் (319). பழக்கிய கவுதாரி கத்தும்போதெல்லாம் அதன் இனம் வந்து வலையில் வீழ்கிறது. இது என் பாவமோ என அது ஒரு துறவியைக் கேட்கிறது. உள்ளத்தில் கருத்து இல்லாதவிடத்துப் பழி இல்லை என விடை கிடைக்கிறது. கூண்டில் கத்தும் கவுதாரியைக் கொண்டு காட்டுக் கவுதாரியைக் கண்ணியில் வீழ்த்தும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களிலும் இருந்ததே. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், இரை காட்டி இழுப்பதையும் வேட்டை என்னும் சொல்லின் வரையறைக்குள் கொண்டுவந்தது. சட்டம் பிடிப்பவனைக் கேட்கிறது. சாதகம் கத்திய பறவையைக் கேட்கிறது.

காப்பியக் காலத்தில் நிலை மாறுகிறது. யாழால் யானையை அடக்கிய உதயணன், வீரரை உள்ளே கொண்ட பொய் யானையால் பிடிபடுகிறான். இசையால் வேட்டையாடியவன் உருவால் வேட்டையாடப்படுகிறான். பெருங்கதையின் தொடக்கப் பகுதி கிடைக்காமையால், கொங்குவேளிர் இதனை எங்ஙனம் பாடினார் எனக் காணும் பேறு நமக்கில்லை. கம்பனின் மாரீசனோ பார்வை, விளி இரண்டுமாகிறான். பொன்மானாகி இராமனை இழுக்கிறான்; இறக்கும்போது இராமனின் குரலெடுத்து இலக்குவனை இழுக்கச் செய்கிறான். இங்கு வேட்டை வெற்றி பெறுகிறது. ஆனால் பார்வையாகி நின்றவனே அம்பு பட்டு இறக்கிறான். தனக்கு நேரப்போவதை அறிந்து, விருப்பமின்றி இராவணனுக்கு அஞ்சி அவன் வேடம் பூண்டதைக் கருதினால், கவுதாரியின் வினா அவனிடமும் இருந்திருக்க வேண்டும்.

சேக்கிழார் சங்க முற்றத்திற்குத் திரும்புகிறார். கண்ணப்பர் பிறந்த உடுப்பூரில் விளாமரக் கிளைகளில் வலைகள் தொங்குகின்றன. பன்றி, புலி, கரடி, கடமை, மான் எனப் பார்வை விலங்குகள் நிற்கின்றன. பாறை முன்றிலில் ஐவன நெல் உலர்கிறது. விளாவும் பார்வையும் பெரும்பாணாற்றுப்படையிலிருந்தும், முன்றிலில் உலரும் தானியம் புறம் 320இலிருந்தும் வந்தன எனக் கொள்ளலாம். ஆனால் அங்குத் தினையை உண்ண வரும் பறவை இல்லை. உறங்கும் வேட்டுவனும் விழித்திருக்கும் மனைவியும் இல்லை. பொருள்கள் அனைத்தும் இருக்க, அவற்றினிடையே நிகழ்ந்தது மட்டும் இல்லை. சேக்கிழாருக்கு அது வேண்டியதும் இல்லை. அவர் காட்ட விரும்பிய அருள் வேறிடத்தில் காத்திருக்கிறது.

அவ்வருளுக்கே பார்வை உவமையாவதைப் பதினான்காம் நூற்றாண்டின் உமாபதி சிவம் காட்டுகிறார். திருவருட்பயனின் அருளுரு நிலை என்னும் அதிகாரத்தில், குருவின் மனித வடிவம் உயிர்களைப் பிடித்தற்குக் கொண்ட போர்வை என்பதை உலகம் அறியவில்லை என்கிறார். பார்வை காட்டி விலங்கைப் பிடிப்பது அதற்கு உவமை. மாக்கள் என்னும் சொல் விலங்குக்கும் அறிவு குறைந்த மனிதர்க்கும் ஒருங்கே பொருந்தி நிற்கிறது. மானைப் பிடிக்க மான் வேண்டும்; மனிதனைப் பிடிக்க மனித வடிவம் வேண்டும். சங்கப் பாடல்களில் ஒருமுறையும் வெற்றி பெறாத பார்வை, வேட்டுவன் இறைவன் ஆகும்போது தன் தொழிலைத் தவறாது செய்கிறது. இங்கே பிடிபடுதலே விடுதலை. அவ்வாறாயின், வலை அறுத்தோடித் திண்ணனாரைக் காளத்தி மலைவரை இழுத்துச் சென்ற அந்தப் பன்றியை எப்பெயரால் அழைப்பது? சேக்கிழார் அதனைப் பார்வை என்று கூறவில்லை. உமாபதியாரைப் படித்தபின் திரும்பிச் சென்று படிப்பவர்க்கு அச்சொல் அங்கே தோன்றாமல் இராது.